மையா, இமையா?

ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பிழைகளைப் பற்றிப் பதிப்பாசிரியர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கணினியில் பழைய இயங்குதளத்தை விட்டுப் புதியதற்குப் பெயர்ந்தபோது தமிழ் எழுத்துக்கு நேர்ந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதுவும் ஒருவகை ஏடு பெயர்ப்புதான்.

விண்டோஸ் 98க்குத் தமிழ் தெரியாது. ரோமன் எழுத்துகளுக்கான 256 இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களே அதில் தமிழைக் காட்டின. கணினிக்கு அது ஏதோ ஐரோப்பிய எழுத்து. நம் கண்ணுக்கு மட்டுமே தமிழ். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடங்களை அடுக்கியதால் ஓர் எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் புரியாது. இதைச் சீர்செய்யத் தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு நியமங்களும் வந்தன. குழப்பத்தைத் தீர்க்க வந்தவையே மூன்றாயின!

1991இலேயே யுனிகோடில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்திருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகே அது மேசைக் கணினியை எட்டியது. 2001இல் வந்த எக்ஸ்பியிலும் தமிழ் தானாகத் தெரியவில்லை. குறுந்தகட்டைச் செருகி, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியே நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழக அரசு யுனிகோடை முறைப்படி ஏற்றது 2010இல்தான்.

2006 ஜூலையில் விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நாங்கள் ஆய்வு மாணவர்களாயிருந்த துறையின் கணினியையும் அவ்வாண்டுதான் எக்ஸ்பிக்கு மாற்றினோம். அதிலிருந்த நினைவகம் 32 மெகாபைட். எக்ஸ்பி குறைந்தது 64 கேட்டது, 128 இருந்தால் நல்லது என்றது. எப்படியோ வாங்கிச் செருகினோம். கோப்புகளைப் படியெடுத்து, வன்தட்டை முழுவதும் அழித்து நிறுவினோம்.

அக்கோப்புகளில், முதுகலை மாணவர்களாக 2001இல் ஊர் ஊராகச் சென்று திரட்டிய ஒப்பாரிப் பாடல்கள் இருந்தன. எல்லாம் திஸ்கியில் அடித்தவை. குறியேற்ற மாற்றியில் இட்டதும் தமிழ் திரும்பி வந்தபோது கைதட்டினோம். சில பக்கங்கள் படித்த பிறகே உறைத்தது: சொல் முதலில் வரும் இகரம் எங்குமே இல்லை. 'இருந்த' என்பது 'ருந்த' ஆகியிருந்தது. 'இலை' வெறும் 'லை'.

திஸ்கியில் 'இ'யின் இடம் 173. மேலை நியமத்தில் அவ்விடம் கண்ணுக்குத் தெரியாத, வரி முறிவுக்கான இணைப்புக்கோட்டுக்குரியது. படியெடுக்கும்போது நாங்கள் கோப்புகளைத் திறந்து சேமித்த சொற்செயலி அதை விழுங்கிவிட்டது. உயிர்மெய்யின் இகரக் குறிக்கு வேறு இடம் என்பதால் கி, சி முதலியவை தப்பின.

ஓலை கிழியுமென்று புள்ளி இடாமல் எழுதினார்கள். எகர ஏகார வேறுபாடும் ஏட்டில் இராது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா. போன்றோர் அத்தகைய ஏடுகளிலிருந்தே பாடம் கண்டார்கள். அவர்களுக்கேனும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதிகள் இருந்தன. எங்களிடம் ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கையெழுத்துக் குறிப்பேடுகள் இல்லை. பொருள் நோக்கி ஒவ்வொரு இகரமாக இட்டு வந்தோம்.

ஓரிடத்தில் நின்றுவிட்டோம். கணவனை இழந்தவள் பாடும் அடியில் 'கண் மை' என்று இருந்தது. அவள் அழித்த மையா, அவளைக் காத்த இமையா? இரண்டும் பொருந்துகின்றன; ஓசையும் தடுக்கவில்லை. கேட்டுவர அந்த ஊருக்குப் போனோம். பாடிய பாட்டி இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் மருமகளுக்கு அந்தப் பாட்டு தெரியாது.

தொகுப்பில் 'கண் மை' என்றே விட்டு, அடிக்குறிப்பில் 'கண் இமை' என்பதைப் பாடபேதமாகக் காட்டியிருக்கிறோம்.