பதில் வரும் இடம்: முதியவர்கள் சமூக ஊடகத்துக்கு வந்த வரலாறு

கணினி வழியே கூடிப் பேசுவதில் முதியவர்களின் வரலாறு ஃபேஸ்புக்குக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்தையது. 1986-இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ஃபர்லாங், கணினியும் தொலைபேசிக் கம்பியும் வயதானவர்களின் வாழ்வுக்கு ஏதேனும் செய்யுமா என்று அறிய ஓர் ஆய்வைத் தொடங்கினார். மார்க்கிள் அறக்கட்டளை அதற்கு நிதி கொடுத்தது. அந்த ஆய்விலிருந்து சீனியர்நெட் என்ற அமைப்பு உருவாகி, அமெரிக்காவின் பல ஊர்களில் கற்றல் மையங்களைத் திறந்தது. பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் தாங்களும் முதியவர்களாக இருந்த தன்னார்வலர்கள். விசைப்பலகையைத் தொடத் தயங்கிய ஒருவருக்கு, அதே தயக்கத்தோடு வந்து கற்றுத் தேறிய இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வீட்டிலென்றால் பேரனோ மகளோ கருவியைக் கையில் வாங்கி நான்கு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்துவிடும், கற்க வேண்டியவருக்கு ஒன்றும் தங்காது. பிற்காலத்தில் முதியவர்களுக்குக் கணினி கற்பித்த பல அமைப்புகளும் இப்படி முதியவரே முதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியில் இயங்கின. 1992-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் இதே பெயரில் ஓர் அமைப்பு தொடங்கி நாடெங்கும் கிளைவிட்டது.

1990-களில் சீனியர்நெட்டின் உரையாடல் அரங்குகள் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையில் இயங்கின. இரண்டாம் உலகப்போர் நினைவுகள், படித்த புத்தகங்கள், தோட்ட வேலை, துணையை இழந்த துயரம் என்று தலைப்புகள் பிரிந்திருந்தன. கணினியில் அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு வந்தவர்களைத் தங்கவைத்தது இந்தப் பேச்சுதான். எழுதியதை யாரோ ஒருவர் படித்தார், படித்ததற்குப் பதில் எழுதினார். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தளத்திலும் முதியவர்கள் இதையே தேடினார்கள். கிடைத்த இடத்தில் காலூன்றினார்கள், கிடைக்காத இடத்தை விட்டு விலகினார்கள்.

ஜப்பானில் மெல்லோ கிளப் என்ற முதியோர் இணையச் சங்கம் 1999-இல் தோன்றியது. நாட்டின் பல மூலைகளில் இருந்தவர்கள் திரையில் கூடிப் பேசினார்கள்; போர்க்கால அனுபவங்களை அடுத்த தலைமுறைக்காக எழுதிச் சேர்த்துவைத்தார்கள். அதன் தொடக்கக்கால உறுப்பினர்களில் ஒருவர் வகாமியா மசாகோ. 1935-இல் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இவரால், வயதான தாயைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியவில்லை. வீட்டிலிருந்தபடியே நாலு பேரோடு பேசலாம் என்பதற்காகத்தான் கணினி வாங்கினார். நிரல் எழுதக் கற்றதெல்லாம் பல ஆண்டுகள் கழித்து. இளைஞர்களோடு வேகத்தில் போட்டிபோட வேண்டாத ஒரு விளையாட்டு முதியவர்களுக்கு வேண்டும் என்று நினைத்து, ஜப்பானியப் பொம்மைத் திருவிழாவின் கொலுப் படிகளில் பொம்மைகளை உரிய இடத்தில் அடுக்கும் ஹினாதான் என்ற செயலியை 2017-இல் 81 வயதில் வெளியிட்டார். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் நிரலாளர் மாநாட்டுக்கு அவரை அழைத்தது.

முதியவர்கள் முதியவர்களோடு பேசிய காலத்திலிருந்து, இளைஞர்கள் நடுவே போய் நின்று பேசிய காலத்துக்கு மாற்றம் நேர்ந்தது 2006-இல் எனலாம். யூடியூப் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. இங்கிலாந்தில் வசித்த பீட்டர் ஓக்லி, மனைவியை இழந்து தனியாக இருந்தவர், இளைஞர்கள் ஏற்றிய காணொளிகளை வேடிக்கை பார்க்கத் தொடங்கி அதிலேயே மூழ்கிப்போனார். பிறகு தாமும் ஒன்று செய்து பார்க்கலாமே என்று 2006 ஆகஸ்டில் கேமராவின் முன் உட்கார்ந்தார். பிறந்த ஆண்டைச் சேர்த்து ‘ஜெரியாட்ரிக் 1927’ என்று பெயர் வைத்துக்கொண்டார். தம் இளமையையும் போர்க்கால பிரிட்டனையும் பற்றித் தொடர்ச்சியாகச் சொன்னார். சில வாரங்களிலேயே யூடியூபில் மிக அதிகமானோர் பின்தொடர்ந்தவர் அவர்தான். பார்த்தவர்களில் பெரும்பகுதியினர் அவருக்குப் பேரப்பிள்ளை வயதினர். அவர்கள் கேள்வி கேட்டார்கள். அவர் அடுத்த காணொளியில் பதில் சொன்னார்.

ஓக்லியின் கதையில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பெரியவர்கள் புதிய ஊடகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதே வழக்கம். அவர் பார்த்தார், பிடித்திருந்தது, பிடித்த காரணத்தை அறிய உள்ளே இறங்கினார். அந்த வரிசைதான் அவரை இளைஞர்களுக்கு நெருக்கமாக்கியது. புற்றுநோய் முற்றியதை 2014 பிப்ரவரியில் தம் கடைசிக் காணொளியில் சொல்லி விடைபெற்றார். மார்ச் 23 அன்று இறந்தார்.

அதே காலத்தில் வேறு சில முதியவர்களும் இப்படி இணையத்தில் பேச வந்தார்கள். ஸ்பெயினின் கலீசியாவில் மரியா அமேலியா லோப்பஸுக்கு 2006 டிசம்பரில் 95-ஆவது பிறந்தநாள் பரிசாகப் பேரன் ஒரு வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்லப் பேரன் தட்டச்சு செய்தார். ஆஸ்திரேலியாவில் 1899-இல் பிறந்த ஆலிவ் ரைலி, ஒரு திரைப்பட இயக்குநரின் துணையோடு 107 வயதில் வலைப்பதிவு எழுதினார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் முதியோர் இல்லத்தில் இருந்த ஐவி பீன் 102 வயதில் ஃபேஸ்புக்கிலும் பின்பு ட்விட்டரிலும் சேர்ந்தார். 2010-இல் அவர் இறந்தபோது ட்விட்டரில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 50,000-க்கும் மேல். இந்த மூவருக்கும் பக்கத்தில் கைகொடுக்க ஒருவர் இருந்தார். அப்படி யாரும் இல்லாத முதியவர்களின் கதை வேறு. அவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதவில்லை.

ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2006 செப்டம்பர் 26 அன்று, 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்று கதவு திறந்தது. பெரியவர்களுக்கு அங்கே முதலில் இடறியது பேச்சின் திசை. கடிதம் எழுதிப் பழகிய தலைமுறைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒருவரை நோக்கிப் போவது. அன்புள்ள இன்னாருக்கு என்று தொடங்காத எழுத்து அவர்களுக்குக் குறைபட்ட எழுத்து. ஃபேஸ்புக்கோ யாரையும் விளிக்காமல் மனத்தில் ஓடுவதை எல்லோர் முன்னும் வைக்கச் சொன்னது. சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்துப் போடுவது யாருக்காக என்று அவர்கள் கேட்டது அறியாமையால் அல்ல. பிள்ளைகள் பலரிடம் அதற்கு விடை இருக்கவும் இல்லை.

பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புகள் இந்தத் தயக்கத்தையும் அது தளர்ந்த வேகத்தையும் சேர்த்துக் காட்டுகின்றன. அமெரிக்காவில் இணையம் பயன்படுத்திய 50 வயதைக் கடந்தவர்களில் சமூக வலைத்தளங்களுக்கு வந்தவர்கள் 2009 ஏப்ரலில் 22 சதவீதம். 2010 மே மாதத்தில் 42 சதவீதம். ஆனாலும் 65 வயதைக் கடந்த இணையப் பயனர்களில் 26 சதவீதத்தினரே வந்திருந்தார்கள்; அதே வயதுப் பயனர்களில் 89 சதவீதத்தினருக்கு மின்னஞ்சல் இருந்தது, அதாவது பெயர் எழுதி அனுப்பும் கடிதத்தை அவர்கள் கைவிடவில்லை. வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்பதற்கும் அந்த மையத்தின் அறிக்கை காரணங்களைத் தருகிறது. பழைய நண்பர்களைத் தேடிப் பிடிப்பது, நாட்பட்ட நோயோடு வாழ்பவர்கள் அதே நோயுள்ள மற்றவர்களைக் கண்டடைவது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் தாமும் இருப்பது.

இந்தியாவில் கதையின் போக்கு மாறுகிறது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தின் காலம் முதியவர்களைத் தொடாமலேயே கடந்துபோனது. அப்போது அது இணைய மையத்தில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்த மாணவர்களின் உலகம். பெருவாரியான இந்திய முதியவர்கள் முதன்முதலில் நுழைந்த சமூக ஊடகம் வாட்ஸ்அப். மின்னஞ்சல் முகவரியோ கடவுச்சொல்லோ அதற்குத் தேவைப்படவில்லை, போன் நம்பர் போதும். 2013-இல் குரல் செய்தி வந்ததும் தட்டச்சுத் தடையும் விலகியது. கைப்பேசியில் தமிழைக் கையால் எழுதி உள்ளிடும் வசதியைக் கூகுள் 2015-இலும், பேசினால் தமிழில் எழுத்தாகும் வசதியை 2017-இலும் தந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை வந்தபின் டேட்டா விலை சரிந்தது. மகன் புது போன் வாங்கியதும் அவனுடைய பழைய போன் அப்பாவின் சட்டைப்பைக்கோ அம்மாவின் பூஜை அலமாரிக்கோ வந்துசேர்ந்தது.

வாட்ஸ்அப்பின் குடும்ப குரூப்பில் அன்புள்ள என்ற விளிக்கு ஆள் இருந்தார்கள். சித்தப்பா, அத்தை, பெரியம்மா மகன் என்று ஒவ்வொருவரும் உறவுமுறையோடு அங்கே இருந்தார்கள். சென்னையை ஒட்டிய ஊர்களில் களப்பணி செய்து ஸ்ரீராம் வெங்கட்ராமன் 2017-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சமூக ஊடகம் பற்றிய நூல் இந்த உறவு வலையைத்தான் விரிவாகப் பேசுகிறது. ஏற்கெனவே இருந்த குடும்ப ஒழுங்கு இணையத்துக்குள் இடம்பெயர்ந்தது என்பதே அதில் தெரியும் சித்திரம். காலையில் சாமி படமும் வாழ்த்தும் போடுவதை நல்வினையாகக் கருதுவோரையும் அந்நூல் பதிவுசெய்கிறது.

இந்தக் குட்மார்னிங் மெசேஜ் இளையவர்களைப் பெரிதும் சலிப்படையச் செய்தது. அது போனின் நினைவகத்தை நிரப்பிய அளவைக் கண்டு, கூகுள் 2017 இறுதியில் வெளியிட்ட ஃபைல்ஸ் கோ செயலியில் அத்தகைய படங்களைத் தேடி அழிக்கும் வசதியைச் சேர்த்தது. ஆனால் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வாங்கி, உறவினர் பெயர்களைப் பட்டியலிட்டு, யாரும் விடுபடாமல் அஞ்சல்தலை ஒட்டி அனுப்பிய தலைமுறைக்கு அதன் பொருள் விளங்கியது. அந்தத் தலைமுறை தினமும் நலம் விசாரித்தது, தான் நலமாக இருப்பதையும் தெரிவித்தது. ஒருநாள் அந்த மெசேஜ் வரவில்லையென்றால் யாராவது போன் செய்வார்கள். தனியாக வாழும் முதியவருக்கு இதைவிட எளிய பாதுகாப்பு ஏற்பாடு அமையவில்லை. போரால் டொரொண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் சிதறிய ஈழத்துக் குடும்பங்களில் வைபர் செயலி இந்த வேலையைச் செய்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா, பிறந்ததிலிருந்து நேரில் காணாத பேரப்பிள்ளையின் முகத்தைத் திரையில் கண்டார்.

நம்பிக்கையால் இயங்கிய இந்த வலையில் பொய்யும் அதே நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு பயணித்தது. தெரிந்தவர் அனுப்பினால் உண்மையாகத்தான் இருக்கும் என்பது கடிதக் காலத்தில் நியாயமான அளவுகோல். ஃபார்வர்ட் காலத்தில் அனுப்பியவர் எழுதியவர் அல்லர். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியின் பின்னணியில், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நாட்டின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போனபின், அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மட்டுப்படுத்தியது. அமெரிக்காவின் 2016 தேர்தல் காலத்தை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 65 வயதைக் கடந்த ஃபேஸ்புக் பயனர்கள் மிக இளைய வயதுப் பிரிவினரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகப் பொய்ச்செய்தித் தளங்களின் கட்டுரைகளைப் பகிர்ந்ததாகக் கண்டது. பயனர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஒன்றையும் பகிரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. முதுமையே குற்றம் என்று படித்தால் அது தவறான வாசிப்பு.

திரையின் மறுபக்கத்துக்குப் போன முதியவர்களும் பெருகினர். ஆந்திரத்தில் நூறு வயதைக் கடந்த மஸ்தானம்மா வயல்வெளியில் சமைத்த காணொளிகள் 2016 முதல் உலகெங்கும் பார்க்கப்பட்டன. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் சமையல் ஒப்பந்த வேலை செய்துவந்த பெரியதம்பி, பேரன்மார்களோடு 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. பேரன்மார் படமெடுத்து உடன் சமைக்க, தாத்தா முன்னால் நின்று சமைத்தார். கைத்தொழிலை அறிந்த தலைமுறைக்கும் கருவியை அறிந்த தலைமுறைக்கும் இடையில் இத்தனை இயல்பான வேலைப்பிரிவினை வேறு எங்கும் அரிது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மானுடவியலாளர் டேனியல் மில்லரும் அவருடைய குழுவினரும் பல நாடுகளில் முதியவர்களோடு தங்கி ஆய்ந்து 2021-இல் வெளியிட்ட நூல், ஸ்மார்ட்போனை மனிதர் குடியிருக்கும் வீடாகவே காண்கிறது. அதே ஆண்டின் பியூ கணக்கெடுப்பில், 65 வயதைக் கடந்த அமெரிக்கர்களில் பாதிப் பேர் ஃபேஸ்புக்கில் இருந்தார்கள். பதின்பருவத்தினரில் அதைப் பயன்படுத்துவோர் 2014-15-இல் இருந்த 71 சதவீதத்திலிருந்து 2022-இல் 32 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள்.