ரக்பி, காற்பந்து: ஆட்டப் பண்பும் பொதுமக்கள் பார்வையும்

ரக்பியும் காற்பந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரு குழு விளையாட்டுகள் ஆகும். ரக்பி முரடர்களின் ஆட்டம், ஆனால் அதைப் பண்பாளர்கள் ஆடுகின்றனர்; காற்பந்து பண்பாளர்களின் ஆட்டம், ஆனால் அதை முரடர்கள் ஆடுகின்றனர் என்னும் பொருள்பட ஒரு கூற்று அங்கு நெடுங்காலமாக வழங்குகின்றது. இக்கூற்று ஆட்டக்காரர்களின் இயல்பைவிட அந்நாட்டின் வகுப்பு வேறுபாட்டையும் இரு ஆட்டங்களின் விதிகளையும் பற்றியே அதிகம் கூறுகின்றது.

தோற்றமும் வகுப்பு வேறுபாடும்

1863இல் இலண்டனில் காற்பந்துச் சங்கம் அமைந்தபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும் எதிராளியின் முன்காலில் உதைப்பதையும் அனுமதிக்கலாமா என்பதில் பிணக்கு ஏற்பட்டது. தடையை ஏற்காத பிளாக்கீத் கழகம் வெளியேறியது. 1871இல் ரக்பி காற்பந்து ஒன்றியம் உருவானது. முன்காலில் உதைப்பதை அந்த ஒன்றியமும் தன் முதல் விதிகளிலேயே தடை செய்துவிட்டது என்பது வேடிக்கையானது.

காற்பந்தில் ஊதியம் பெற்று ஆடுவது 1885இல் ஏற்கப்பட்டது. ரக்பி ஒன்றியம் அதை 1995 வரை மறுத்து வந்தது. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர்கள் ஆட்டத்திற்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலியை இழந்தனர். அந்த இழப்பை ஈடு செய்யலாமா என்னும் தகராறினால் 1895இல் வடபகுதிக் கழகங்கள் பிரிந்து சென்றன. அவற்றின் ஆட்டமே பின்னர் ரக்பி லீக் எனப் பெயர் பெற்றது. ஆகவே 'பண்பாளர்' என்னும் சொல், கூலியை எதிர்பார்க்கத் தேவையில்லாதவர் என்பதையும் உள்ளடக்கியிருந்தது. ஓசூர் போன்ற ஆலை நகரத்தில் முறைவேலை பார்த்துக்கொண்டே ஆடுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதிகளின் பங்கு

ரக்பியில் நடுவரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசுவது மரபு. மற்றவர் வாதிட்டால் தண்டனை உதைக்கான இடம் 10 மீட்டர் முன்னே நகர்த்தப்படும். மஞ்சள் அட்டை பெற்றவர் 10 நிமிடம் வெளியே அமர வேண்டும். காற்பந்தில் மஞ்சள் அட்டை பொதுவாகப் பதிவு மட்டுமே. ஆட்டக்காரர் களத்திலேயே நீடிப்பார். உதையிடத்தை முன்னே நகர்த்தும் முறை 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் காற்பந்தில் சோதிக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. அணித்தலைவர் மட்டுமே நடுவரை அணுகலாம் என்னும் நெறி 2024 ஐரோப்பியக் கோப்பையில் பின்பற்றப்பட்டது.

பெங்களூர், 2023

ஓசூருக்குச் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரின் கண்டீரவா அரங்கில், 2023 மார்ச் 3 அன்று இந்தியன் சூப்பர் லீக் வெளியேற்றச் சுற்றில் பெங்களூர் அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதின. கூடுதல் நேரத்தில் கிடைத்த தனியுதையை, எதிரணி தடுப்புச் சுவர் அமைத்து முடிக்கும் முன்னரே சுனில் சேத்ரி வலைக்குள் அடித்தார். நடுவர் கோலை ஏற்றார். கேரளப் பயிற்றுநர் இவான் வுகோமனோவிச் தம் அணியைக் களத்திலிருந்து அழைத்துச் சென்றார். ஆட்டம் பெங்களூருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்றுநருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

விதிப்படி, நடுவர் ஊதலுக்காகக் காத்திருக்குமாறு கூறாதவரை விரைந்து உதைக்கலாம். நடுவர் அவ்வாறு நிறுத்தினாரா என்பதே வாதம். சேத்ரியின் செயல் சமயோசிதம் என ஒரு சாராரும், பண்பற்றது என மற்றொரு சாராரும் கருதினர். ரக்பியிலோ தண்டனை கிடைத்தவுடன் பந்தைத் தட்டிவிட்டு ஓடுவது அன்றாட நிகழ்வு. எதிரணி ஆயத்தமாகவில்லை என்பது அங்கு முறையீடு ஆகாது. ஒரே செயல் ஓர் ஆட்டத்தில் திறமையாகவும் மற்றதில் பழியாகவும் காணப்படுவதற்கு இது நல்ல சான்று.

இரு ஆட்டங்களின் கறைகள்

காற்பந்தின் பெயரைக் கெடுத்தவற்றுள் பார்வையாளர் வன்முறை முதன்மையானது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தின்போது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தனர். ரக்பியும் மாசற்றதன்று. 2009இல் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், இங்கிலாந்தின் ஆர்லெக்குவின்சு அணியினர் போலி இரத்தக் குப்பியைக் கடித்துக் காயம் போல் நடித்து மாற்று ஆட்டக்காரரைக் களமிறக்கியது அம்பலமாயிற்று. தலைக்காயங்கள் தொடர்பாக முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020 முதல் சட்ட நடவடிக்கை எடுத்து வருகின்றனர்.

இந்தியாவில்

1873இல் தொடங்கிய கல்கத்தா காற்பந்துக் கழகம், பெயர் அவ்வாறிருப்பினும், ரக்பிக் கழகமே. உறுப்பினர் குறைந்து கழகம் கலைந்தபோது, எஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காக இங்கிலாந்தும் இசுக்காட்லாந்தும் 1879 முதல் ஆடி வருகின்றன. கோப்பை கடல் கடந்தது. ஆட்டம் இங்கு வேரூன்றவில்லை. காற்பந்தை மக்கள் தமதாக்கிக் கொண்டனர். 1911இல் மோகன் பகான் அணி பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்றது. எனவே இங்கிலாந்தின் வகுப்பு முத்திரை இங்கு இரு ஆட்டங்களுக்கும் பொருந்துவதில்லை. புவனேசுவரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் ரக்பி ஆடுவோர் பழங்குடி மாணவர்களே.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸ், சென்னை புல்ஸ் உள்ளிட்ட ஆறு அணிகள் ஆடின. சென்னை புல்ஸ் வாகை சூடியது.