கதவோரத் தகடு சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை அரசர்கள், போர்கள், கல்வெட்டுகள், செப்பேடுகள். பழமையான பொருள் எதுவாயினும், அது பிறந்த காலத்திலேயே அதன்மீது எழுதப்பட்ட எழுத்து இருந்தால், வரலாற்று ஆசிரியருக்கு அதுவே முதல் சான்று. இந்த உண்மை கோயில் சுவருக்கு மட்டும் உரியதன்று. தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஒரு காருக்கும் அது பொருந்தும். பழைய கார்களைப் புதுப்பிப்போர், அவற்றில் பதிந்துள்ள தொழிற்சாலை அடையாளத் தகட்டை எவ்வாறு வாசிக்கிறார்கள் என்பதை இன்று காண்போம். எடுத்துக்காட்டாக, அமெரிக்க நாட்டின் ஃபோர்டு நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட முஸ்டாங் காரை எடுத்துக்கொள்வோம்.

ஃபோர்டு என்ற பெயர் நமக்குப் புதிதன்று. சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் 1941 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபோர்டு தொழிற்சாலையில்தான், 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஆனால் இன்று நாம் பேசப்போகும் கார் அமெரிக்காவின் டியர்போர்ன் நகரில் பிறந்தது.

முதலில் ஒரு கேள்வி. காருக்குள் இத்தனை குறியீடுகள் ஏன் தேவைப்பட்டன? ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்யப்பட்டது. எல்லாக் கார்களும் ஒரே நிறம் என்றால், 'இந்தக் காருக்கு என்ன நிறம்?' என்று தொழிலாளி கேட்க வேண்டியதில்லை. முஸ்டாங் காலத்தில் நிலைமை மாறிவிட்டது. வாங்குபவர் தம் விருப்பப்படி நிறம், இருக்கை உறை, எஞ்சின், கியர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். முதல் 12 மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் அதிகமான முஸ்டாங் கார்கள் விற்பனையாயின. டியர்போர்ன், சான் ஹோசே, மெட்டச்சன் ஆகிய மூன்று இடங்களில் அவை உருவாயின. அடுத்தடுத்து வரும் இரு கார்கள் ஒன்றுபோல் இரா. ஆகவே, ஒவ்வொரு காரும் தன்னைப் பற்றிய விவரத்தைத் தன்னுடனேயே சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. தேர்வு பெருகியதால் குறியீடும் பெருகியது எனலாம்.

அந்த விவரம் 1965 ஆம் மாதிரி ஆண்டுக் காரில் எங்கே இருக்கும்? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அதன் பின் விளிம்பைப் பார்த்தால், ரிவெட் ஆணிகளால் இறுக்கப்பட்ட ஓர் உலோகத் தகடு தெரியும். இதனை உத்தரவாதத் தகடு என்பார்கள். விளக்கத்திற்காக நாமே ஒரு தகட்டை அமைத்துக்கொள்வோம். அதன் கார் எண் 5, ஆர், 07, சி என்று தொடங்கி, ஆறு இலக்கங்களில் முடிகிறது. முதலிலுள்ள 5 என்பது 1965 ஆம் மாதிரி ஆண்டு. 'ஆர்' என்பது சான் ஹோசே தொழிற்சாலை. 'எஃப்' என்றிருந்தால் டியர்போர்ன், 'டி' என்றிருந்தால் மெட்டச்சன். 07 என்பது நிலையான கூரை கொண்ட கார். 08 என்பது மடக்குக் கூரை. 09 என்பது பின்புறம் சரிந்த கூரை. 'சி' என்பது 289 கன அங்குல எஞ்சின். அதாவது ஏறக்குறைய 4.7 லிட்டர். கடைசி ஆறு இலக்கங்கள் அந்தத் தொழிற்சாலையின் வரிசை எண். அது 100001 இலிருந்து தொடங்கும்.

அதே தகட்டின் மற்றொரு வரியில் 65ஏ, எம், 22, 16எல், 71, 6, 6 என்று இருப்பதாகக் கொள்வோம். 65ஏ என்பது உடலமைப்பு. 'எம்' என்பது விம்பிள்டன் வெள்ளை நிறம். 22 என்பது நீல வினைல் இருக்கை. 16எல் என்பது நவம்பர் 16 ஆம் நாள். சனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று செல்லும் இவ்வரிசையில் 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிட்டார்கள். அது 1 என்ற இலக்கத்தோடு குழம்பும் அல்லவா? ஆதலால் 'எல்' பதினொன்றாம் மாதமாகிறது. 1965 ஆம் மாதிரி ஆண்டுக் கார் 1964 நவம்பரில் செய்யப்பட்டது என்பதில் முரண் இல்லை. மாதிரி ஆண்டு நாட்காட்டி ஆண்டுக்கு முன்னதாகவே தொடங்கிவிடும். 71 என்பது காருக்கு ஆணை கொடுத்த லாஸ் ஏஞ்சலிஸ் விற்பனை வட்டாரம். அடுத்த 6 பின் அச்சின் விகிதம். கடைசி 6 தானியங்கி கியர்.

பாருங்கள், ஒரு சிறு தகட்டில் ஒரு காரின் பிறந்த இடம், பிறந்த நாள், உடல், நிறம், வலிமை, சென்ற ஊர் எல்லாம் அடங்கிவிட்டன. இன்று அந்தக் கார் சிவப்புச் சாயம் பூசிக் கறுப்பு இருக்கையுடன் ஒரு கொட்டகையில் கிடந்தாலும், அது வெள்ளையாகப் பிறந்து நீல இருக்கையுடன் வெளிவந்தது என்பதைத் தகடு சொல்லிவிடும்.

ஆயினும், ஒரு சான்றை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுவது வரலாற்று ஆய்வுக்கு ஒவ்வாது. செப்பேடுகளிலும் போலிகள் உண்டு என்பதை நாம் அறிவோம். தகடு இருப்பது கதவில். கதவோ கழற்றி மாற்றக்கூடிய பொருள். விபத்தில் கதவு நசுங்கியிருந்தால், வேறொரு காரின் கதவைப் பட்டறையில் பொருத்தியிருப்பார்கள். அப்போது தகடு உண்மையானதுதான். ஆனால் அது இந்தக் காரைப் பற்றிப் பேசவில்லை. மேலும், புதிதாக அச்சிட்ட தகடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆகவே அனுபவமுள்ளவர்கள் போனட்டைத் திறந்து, முன் சக்கரத்திற்கு மேலுள்ள உட்புறத் தகட்டில் நேரடியாகக் குத்தப்பட்ட எண்ணைத் தேடுவார்கள். அது உடலோடு சேர்ந்தது. அந்த எண்ணும் கதவுத் தகட்டு எண்ணும் பதிவு ஆவணத்தின் எண்ணும் ஒத்திருந்தால்தான் அடுத்த படிக்குச் செல்வார்கள்.

அடுத்த படி, உதிரி பாகங்களின் நாளைப் பார்ப்பது. வார்ப்பிரும்புப் பாகங்களில் வார்த்த நாள் பதிந்திருக்கும். 4கே9 என்றிருந்தால் 1964 அக்டோபர் 9. நவம்பர் 16 இல் செய்த காருக்கு இது பொருந்தி வருகிறது. 5சி12 என்றிருந்தால் 1965 மார்ச் 12. கார் பிறந்து நான்கு மாதம் கழித்து வார்க்கப்பட்ட எஞ்சின், அந்தக் காரோடு பிறந்ததாக இருக்க முடியாது. அது பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று துணிந்து கூறலாம்.

தகடு சொல்லாத செய்திகளும் உண்டு. 1965 ஏப்ரலில் ஜி.டி. என்ற சிறப்புத் தொகுப்பு அறிமுகமானது. அதற்கு இத்தகட்டில் தனிக் குறியீடு இல்லை. எனவே ஒரு கார் பிறப்பிலேயே ஜி.டி. காரா என்பதை அறிய, புகைக்குழாயைத் தாங்கும் பொருட்டுப் பின் சட்டத்தில் தொழிற்சாலையிலேயே பற்றவைத்த வலுவூட்டல் தகடுகள் உள்ளனவா என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து மௌனமாகும் இடத்தில் பொருளைத்தான் கேட்க வேண்டும்.

தகட்டின் அருமையை உணர்த்தும் மற்றொரு செய்தி இது. 1967 ஆம் மாதிரி ஆண்டு முதலான ஃபோர்டு கார்களின் உற்பத்திப் பதிவுகள் அழியாமல் காக்கப்பட்டுள்ளன. ஒரு காரின் எண்ணைக் கொடுத்தால் அதன் விவரத்தைப் பெறலாம். அதற்கு முற்பட்ட முஸ்டாங் கார்களுக்கு அத்தகைய முழுப் பதிவேடு இல்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் தொலைந்துவிட்டால், அன்று பிரட்டுக்கு வந்தவர் யார் என்பதற்கு அவரவர் கையிலுள்ள சீட்டே சாட்சியாகிவிடும் அல்லவா? அதுபோல், பேரேடு இல்லாத காருக்கு அதன் தகடே முதன்மைச் சாட்சி. அதைத் தேய்த்தோ சாயம் பூசியோ கெடுத்தால், மீண்டும் கேட்டறிய இடமில்லை.

எண்ணின் மதிப்புக்கு இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

முதலாவது, 5-எஃப்-08-எஃப்-100001 என்ற எண் கொண்ட கார். வரிசை எண்ணைப் பாருங்கள். அதுவே முதலாவது முஸ்டாங். விம்பிள்டன் வெள்ளை நிறமும் மடக்குக் கூரையும் கொண்ட இக்கார், பார்வைக்கு வைப்பதற்காகக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டது. முஸ்டாங் உலகுக்கு அறிமுகமான நாள் 1964 ஏப்ரல் 17. அதற்கு மூன்று நாள் முன்னதாகவே, ஸ்டான்லி டக்கர் என்ற விமானி அதனை விலைக்கு வாங்கிவிட்டார். விற்கக் கூடாத கார் விற்கப்பட்டுவிட்டது. பின்னர் அதன் சிறப்பை உணர்ந்த நிறுவனம், 1966 ஆம் ஆண்டில் வேறொரு முஸ்டாங் காரை அவருக்குக் கொடுத்து, முதலாவது காரைத் திரும்பப் பெற்றது. இன்று அது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது. பார்வைக்கு மற்ற வெள்ளை முஸ்டாங் கார்களைப் போன்றதே அது. வேறுபடுத்திக் காட்டுவது அந்த எண்.

இரண்டாவது, 1968 ஆம் ஆண்டில் ஸ்டீவ் மக்குவீன் நடித்து வெளிவந்த 'புல்லிட்' என்ற திரைப்படத்தின் கார்கள். அப்படத்திற்கு இரண்டு பச்சை முஸ்டாங் கார்கள் பயன்பட்டன. அவற்றின் எண்கள் 8-ஆர்-02-எஸ்-125558, 125559 என்று அடுத்தடுத்தவை. ஒன்று தனியார் குடும்பம் ஒன்றிடம் பல்லாண்டுகள் இருந்து, 2018 ஆம் ஆண்டில் மக்கள் பார்வைக்கு வந்தது. 2020 சனவரியில் நடந்த ஏலத்தில், கட்டணம் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்பனையானது. தாவிக் குதிக்கும் காட்சிகளில் அடிபட்ட மற்றொன்று காணாமல் போயிற்று. பிறகு அது மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் துருப்பிடித்த கூடாகக் கிடைத்தது. அதை வேறொரு திரைப்படக் காரின் நகலாக மாற்றவே எண்ணியிருந்தார்கள். நல்லவேளையாக, வேலை தொடங்குமுன் எண்ணை வாசித்தார்கள். 2017 ஆம் ஆண்டில் செய்தி உலகெங்கும் பரவியது. வாசிக்காமல் வெட்டியிருந்தால், ஒரு வரலாற்றுப் பொருள் தன் பெயரை இழந்து போலியாகியிருக்கும்.

அதனால்தான் இதில் நேர்மை முதலிடம் பெறுகிறது. சக்தி வாய்ந்த எஞ்சினோடு பிறந்த காருக்கு விலை அதிகம். சாதாரணக் காரில் வேறொரு தகட்டைப் பொருத்தி உயர்ந்த கார் என்று காட்டுவோரும் உண்டு. வாங்குபவரின் பணம் மட்டுமன்று, அந்த இரு கார்களின் வரலாறும் அதனால் பாழாகிறது. அடையாள எண்ணை அகற்றுவதையும் மாற்றுவதையும் 1984 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் குற்றமாக்கியது. உலகெங்கும் இன்று வழங்கும் 17 இடங்கள் கொண்ட எண்முறை அமெரிக்காவில் 1981 ஆம் மாதிரி ஆண்டிலிருந்து கட்டாயமாயிற்று. அதில் ஒன்பதாம் இடத்தில் சரிபார்ப்பு இலக்கம் வைக்கப்பட்டதும் பிழையையும் மோசடியையும் கண்டறியவே.

அப்படியானால், தகடு வெள்ளை என்று சொன்னால் காரை வெள்ளையாகத்தான் பூச வேண்டுமா? கார் உரிமையாளருடையது; சிவப்பு வேண்டுமென்றால் பூசிக்கொள்ளலாம். தந்தை பூசிய சிவப்பும் அந்தக் குடும்பத்தின் வரலாறுதானே! ஆனால் தகட்டை மாற்றாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். செய்த மாற்றங்களை எழுதி வைக்க வேண்டும். அப்போது பின்னால் வருபவர், கார் எப்படிப் பிறந்தது, எப்படி வாழ்ந்தது என்ற இரண்டையும் அறிந்துகொள்வார்.

நம் வீட்டுக் கொல்லையிலோ உறவினர் கொட்டகையிலோ ஒரு பழைய கார் நின்றால், முஸ்டாங்காக இராவிட்டாலும் அதற்கும் ஒரு தகடு இருக்கும். உப்புத்தாளை எடுக்குமுன் ஈரத்துணியால் அதன் அழுக்கைத் துடையுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். கழற்றும் வேலை அதற்குப் பிறகு இருக்கட்டும்.