சங்கும் கொம்பும்

1954ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ வெளிவந்தது. ‘ஈக்களின் அரசன்’ என்பது அத்தலைப்பின் பொருள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1959இல், திண்டுக்கல் சீமையின் வத்தலக்குண்டைச் சேர்ந்த சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ எழுத்து பிரசுர வெளியீடாக நூலுருப் பெற்றது. முன்னது தனித்தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்களின் கதை. பின்னது ஒரு சல்லிக்கட்டுக் களத்தின் கதை. ஒன்றின் தாக்கம் மற்றதில் உண்டா என்பது ஈண்டு வினா அன்று. மிருகம் எது, மனிதன் எவன் என்னும் ஒரே கேள்வியை இரு நாவல்களும் கேட்கின்றன. அதற்கு விடை காணக் குறியீட்டையும் முரணையும் அவை கையாளும் முறை ஒப்புநோக்கத் தக்கது.

கோல்டிங் 1911இல் பிறந்தவர். செல்லப்பா 1912இல் பிறந்தவர். முன்னவர் பள்ளி ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றி, 1944இல் நார்மண்டிக் கரையிறக்கத்தில் பங்கு கொண்டவர். பின்னவர் விடுதலைப் போரில் சிறை கண்டவர். மணிக்கொடி மரபில் வளர்ந்து, 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்திப் புதுக்கவிதைக்குக் களம் அமைத்தவர். அதிகாரம் எவ்வாறு இயங்கும் என்பதை இருவருமே நேரில் கண்டிருந்தனர்.

1857இல் பாலன்டைன் என்பார் ‘பவளத் தீவு’ என்னும் சிறுவர் நாவலை எழுதினார். தீவில் ஒதுங்கிய மூன்று ஆங்கிலச் சிறுவர்கள் ஒழுக்கமும் துணிவும் குன்றாமல் வாழ்வதாக அது சொல்கிறது. வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்த ஆண்டும் அதுவே. ‘காட்டுமிராண்டித்தனம் பிறரிடம்தான் உண்டு’ என்ற பேரரசின் நம்பிக்கை அந்நூலில் படிந்துள்ளது. கோல்டிங் அந்நம்பிக்கையையே தலைகீழாக்கினார். ரால்ஃப், ஜாக் என்னும் பெயர்களைக்கூட அந்நூலிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

அவர் நாவலில் சங்கு முதலில் வெறும் சங்குதான். கடற்கரையில் கிடைக்கிறது, ஊதினால் ஒலிக்கிறது. சிறுவர் கூடியபின் அது பேசும் உரிமையாகிறது: சங்கை ஏந்தியவன் பேச, மற்றவர் கேட்க வேண்டும். பாறை உருண்டு பிக்கி மடியும் கணத்தில் சங்கும் நொறுங்குகிறது. மலையுச்சி ‘மிருகம்’ எனச் சிறுவர் அஞ்சியதோ, வான்குடையோடு விழுந்த ஒரு போர்வீரனின் பிணம். பெரியவர் உலகிலிருந்து ஓர் அடையாளம் வராதா என ஏங்கியவர்களுக்கு வந்து சேர்ந்தது அப்பிணமே. அந்த உண்மையைக் கண்டுவந்து சொல்ல முயன்ற சைமனை, மிருகம் என எண்ணி அவர்களே கொல்கின்றனர். முரண் இங்கே சொல்லலங்காரமாக நிற்கவில்லை. கதையின் எலும்பாகவே நிற்கிறது.

இனி வாடிவாசல். காளை களத்திற்குள் பாயும் அந்தக் குறுகிய வழி எதுவென்று கொசவபட்டிக்கும் புகையிலைப்பட்டிக்கும் எவரும் விளக்க வேண்டியதில்லை. முல்லைக்கலியில் ஏறு தழுவியவன் மணமாலை பெறுகிறான். செல்லப்பாவின் களத்தில் மணப்பெண் இல்லை. தந்தை அம்புலியைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்கவே பிச்சி வருகிறான். அக்காளையோ ஜமீன்தாருடையது. அதன் திமிலைத் தொடுவது ஜமீனின் மானத்தைத் தொடுவதாகும். காரியின் கொம்பு முதலில் கொம்பு. பின்னரே அது அதிகாரம். சங்கப் புலவர் உள்ளுறை அமைத்த முறையும் இதுவே. கருப்பொருள் தன் இயல்பில் முழுமையாக நின்ற பிறகுதான் மறைபொருள் அதனுள் புகும்.

இம்மானத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்புவிடமிருந்து கம்பெனியாரிடம் சென்றது. 1801இல் விருப்பாட்சி கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். படையும் கோட்டையும் இழந்த பாளையங்கள் பல, வரி கட்டும் ஜமீன்களாயின. போர்க்களம் போனபின் காளைக்களமே ஜமீனின் வீரத்திற்கு எஞ்சிய மேடை எனக் கொள்ளலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையையும் ஒழித்தது. நாவல் நூலானபோது ஜமீன்தார் சட்டத்தில் இல்லை. ஊரின் நினைவில் இருந்தார்.

பிச்சி வெல்கிறான், காரி தோற்கிறது. தோற்ற காளையை ஜமீன்தார் தம் துப்பாக்கியால் சுடுகிறார். தீவின் கதை முடிவதும் இவ்வாறே. ரால்ஃபைக் கொல்ல ஜாக் கூட்டத்தார் மூட்டிய தீயின் புகையே மீட்புக் கப்பலை அழைத்து வருகிறது. கரையிறங்கும் கடற்படை அதிகாரி, ‘பவளத் தீவை’ நினைவூட்டிச் சிறுவர்களைக் கடிந்துகொள்கிறார். அவர் இடுப்பிலோ கைத்துப்பாக்கி; பின்னால் நிற்பதோ போர்க்கப்பல். சிறுவர் வேட்டையை நிறுத்த வந்தவர், தாமே மனித வேட்டைக்குப் புறப்பட்டவர். இரு நாவல்களிலும் களத்தில் இரத்தம் சிந்தியவர் ஒருபுறம் நிற்க, இறுதிக் காட்சி துப்பாக்கி உடையவருக்கு உரியதாகிறது.

தீமை மனித இயல்பிலேயே உறைகிறது என்பது கோல்டிங்கின் கொள்கை. வரலாறு அதற்கு வேறொரு சான்றையும் வைத்திருக்கிறது. 1965இல் தொங்கா நாட்டுப் பள்ளிச் சிறுவர் அறுவர் படகில் தப்பிச் சென்று, புயலில் சிக்கி, ஆட்டா என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். பதினைந்து மாதங்கள் தீ அணையாமல் காத்தனர். முறை வைத்து வேலை செய்தனர். கால் முறிந்த தோழனுக்குக் கட்டுப் போட்டுத் தேற்றினர். 1966இல் பீட்டர் வார்னர் என்னும் ஆஸ்திரேலியர் அவர்களை மீட்டார்.

இதனால் கோல்டிங்கின் நாவல் பொய்யாகிவிடாது. தொங்காச் சிறுவர் போரிலிருந்து வந்தவர் அல்லர். கோல்டிங்கின் சிறுவரோ அணுகுண்டுப் போருக்கு அஞ்சி அனுப்பப்பட்டு, விமானம் வீழ்ந்து தீவில் சிக்கியவர்கள். அவர்கள் கண்ட மிருகம் பெரியவர் உலகம் அனுப்பி வைத்தது. ஆசிரியரின் கொள்கை சொல்லாததை அவர் அமைத்த முரண் சொல்லிவிடுகிறது. காரியும் அவ்வாறே. அது தானாகக் களத்திற்கு வரவில்லை. ஒரு மனிதரின் மானத்தைச் சுமக்குமாறு விடப்பட்டது. அம்மானம் சரிந்ததும் மிருகம் என்று சுடப்பட்டது.

சங்கும் கொம்பும் கவிஞருக்குச் சொல்வது இதுவே. குறியீடு பொருளாக முதலில் உயிர் பெற வேண்டும். களத்தில் புழுதியும் இரத்தமும் அதன்மேல் படிய வேண்டும். அப்போதுதான் ‘மிருகம் எது’ என்ற கேள்வி வாடிவாசலைத் தாண்டி, துப்பாக்கி இருக்கும் மேடை வரை செல்லும்.