பொருத்தனை அட்டை

1994 ஜூலைக் கடைசியில் வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அட்டைகளை வரிசையாகக் குத்தி வைத்தார்கள். ஒரு முனையில் அமெரிக்க நாடாளுமன்றம், மறுமுனையில் வாஷிங்டன் நினைவுத்தூண், நடுவில் அட்டை வயல். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பதின்வயதுக்காரரின் கையெழுத்து. கல்யாணம் வரைக்கும் உடலுறவு கொள்ள மாட்டேன் என்பதுதான் அதில் இருந்த வாக்கு.

தமிழ் வேதாகமத்தில் இதற்கு ஒரு நல்ல சொல் உண்டு: பொருத்தனை. கடவுளிடம் வாய்விட்டுச் சொல்லி மாட்டிக்கொள்வது.

இது முந்தைய வருஷம்தான் ஆரம்பித்திருந்தது. டென்னசி மாநிலம் நாஷ்வில் பக்கத்தில் ஹெர்மிடேஜ் என்ற ஊர். அங்கே டியூலிப் குரோவ் பாப்டிஸ்ட் சபையில் வாலிபர் ஊழியம் பார்த்துக்கொண்டிருந்தவர் ரிச்சர்ட் ராஸ். 1993இல் அந்தச் சபையின் ஐம்பது சொச்சம் பிள்ளைகள் முதல் கையெழுத்தைப் போட்டார்கள். இயக்கத்தின் பெயர் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்', உண்மைக் காதல் காத்திருக்கும். அந்தக் காலத்து பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். எய்ட்ஸுக்கு சரியான மருந்து இல்லை. 1991 நவம்பரில் மேஜிக் ஜான்சன் பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து தனக்கு எச்ஐவி என்று சொல்லியிருந்தார். அமெரிக்கப் பதின்வயதுப் பெண்களின் பிரசவ விகிதம் அதே வருஷம் உச்சத்தில் நின்றது. பிள்ளைகளை வைத்திருந்த ஒரு போதகருக்கு என்ன தோன்றுமோ, அதுதான் ராஸுக்கும் தோன்றியது.

அட்டையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். வாக்கு யார் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் வரும். கடவுள், நான், என் குடும்பம் என்று போய், கடைசியில் வருங்காலத் துணை, வருங்காலப் பிள்ளைகள். பதினைந்து வயதுப் பையன் இன்னும் பிறக்காத தன் மகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான்! நான் மென்பொருள் ஆள். 'ஒத்துக்கொள்கிறேன்' பெட்டியில் டிக் வாங்குவது எவ்வளவு சுலபம் என்று தெரியும். டிக் அடித்தவருக்கு அது மறுநாள் ஞாபகம் இருக்காது என்பதும் தெரியும்.

கையெழுத்து வாங்கும் பழக்கம் பழசுதான். 1838இல் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஃபாதர் மாத்யூ என்ற கப்புச்சின் துறவி மதுவிலக்கு உறுதிமொழி வாங்க ஆரம்பித்தார். லட்சக்கணக்கில் ஜனங்கள் குவிந்தார்கள். உறுதிமொழி எடுத்தவர்களுக்குப் பதக்கம் உண்டு. பிற்பாடு வந்த வெள்ளி மோதிரத்துக்கு அந்தப் பதக்கத்தைத் தாத்தா என்று சொல்லலாம்.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்த முன்னோடி 1883இன் 'ஒயிட் கிராஸ் ஆர்மி'. எல்லிஸ் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டர்ஹம் பிஷப் லைட்ஃபூட்டோடு சேர்ந்து ஆரம்பித்தது. அதில் சேர்ந்தவர்கள் ஆண்கள். எல்லாப் பெண்களையும் மரியாதையோடு நடத்துவேன், ஆபாசப் பேச்சைத் தடுப்பேன், கற்பு என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சட்டம் என்று ஏற்றுக்கொள்கிறேன் என்றெல்லாம் அவர்கள் உறுதி எடுத்தார்கள். ராணுவ முகாம் ஊர்களில் விபச்சாரி என்று சந்தேகப்பட்ட பெண்களை மட்டும் பிடித்து வலுக்கட்டாயமாக உடல் பரிசோதனை செய்த சட்டம் பிரிட்டனில் 1886 வரை இருந்தது. அந்தக் காலத்தில் ஆம்பிளைகளிடம் போய் "நீ கையெழுத்துப் போடு" என்று கேட்டிருக்கிறார் ஹாப்கின்ஸ்.

இதை வைத்துக்கொண்டு 1998க்கு வாருங்கள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் ராண்டி வில்சன், லிசா வில்சன் தம்பதி 'ப்யூரிட்டி பால்' என்ற நடன விருந்தை ஆரம்பித்தார்கள். நீள கவுன் போட்ட மகள்கள், கோட்டு சூட்டில் அப்பாக்கள். மகளின் தூய்மையைக் காப்பேன் என்று அப்பா கையெழுத்துப் போடுவார். 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' அட்டை ஆண், பெண் இரண்டு பேருக்கும் பொதுவானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தா கதை வரும். ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவேன் என்று அப்பன் பொருத்தனை செய்கிறான். எதிரே வந்தது மகள். அவள் இரண்டு மாதம் தவணை வாங்கிக்கொண்டு தன் கன்னிமைக்காக மலைகளில் அழுதுவிட்டு வருகிறாள். வாக்கு கொடுத்தது அவள் இல்லை.

அரசாங்கமும் உள்ளே வந்தது. 1996 நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம் திருமணம் வரை விலகியிருக்கச் சொல்லும் கல்விக்கு வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. மோதிரம் போட்டு உறுதிமொழி வாங்கிய 'சில்வர் ரிங் திங்' என்ற ஊழியத்துக்கும் மத்திய அரசுப் பணம் போனது. மதப் பிரச்சாரத்துக்கு வரிப்பணமா என்று ஏசிஎல்யூ 2005இல் வழக்குப் போட, அடுத்த வருஷம் சமரசத்தில் அது நின்றது.

சரி, வாக்கு வேலை செய்ததா?

அதிர்ஷ்டவசமாக 'ஆட் ஹெல்த்' என்ற பெரிய ஆய்வு சரியாக அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1994இல் தொடங்கி, 7 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்ட ஆய்வு. அதை வைத்து பீட்டர் பியர்மனும் ஹன்னா ப்ரூக்னரும் 2001இல் எழுதிய கட்டுரையை இரண்டு தரப்பும் பாதிப் பாதியாகத்தான் படித்தது. வாக்கு கொடுத்தவர்கள் முதல் உறவைச் சராசரியாகப் பதினெட்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். சபைகள் இதைக் கொண்டாடின. ஆனால் அந்தப் பலன் வாக்கு கொடுத்தவர்கள் சிறுபான்மையாக இருக்கும்வரைதான். பள்ளியில் எல்லாரும் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் அது கரைந்துபோகிறது. நாங்கள் கொஞ்சம் வேற ஆளு என்ற உணர்வுதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. எல்லாருக்கும் அட்டை கொடுக்கப் புறப்பட்ட இயக்கத்துக்கு இதைவிட மோசமான செய்தி கிடையாது. இன்னொன்றும் அதே கட்டுரையில் இருந்தது. வாக்கை மீறியவர்கள் முதல் தடவை கருத்தடை பயன்படுத்துவது மற்றவர்களைவிடக் குறைவு. புரிந்துகொள்ள முடிகிறது. பையில் ஆணுறை வைத்திருந்தால் அது திட்டமிட்ட பாவம். இல்லாவிட்டால் வெறும் தடுக்கி விழுதல்.

2005இல் அதே இருவர் அடுத்த கட்டத்தைப் பார்த்தார்கள். வாக்கு கொடுத்து, பிறகு உறவு கொண்டவர்களில் 88 சதவீதம் பேருக்கு அது கல்யாணத்துக்கு முன்பே நடந்திருந்தது. பால்வினை நோய் விகிதத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு ஜேனட் ரோசன்பாம் வந்தார். அவர் கேட்டது எளிமையான கேள்வி: அதே ஆள், அதே கேள்விக்கு, அடுத்த முறை என்ன பதில் சொன்னார்? 1995இல் "வாக்கு கொடுத்திருக்கிறேன்" என்றவர்களில் 53 சதவீதம் பேர் 1996இல் "அப்படி ஒன்றும் கொடுக்கவில்லையே" என்றார்கள். இது எதிர்த்திசையிலும் நடந்தது. உறவு அனுபவம் உண்டு என்று முதல் முறை சொல்லிவிட்டு, பிறகு வாக்கு கொடுத்தவர்களில் 28 சதவீதம் பேர் அந்தப் பழைய அனுபவத்தையே இல்லை என்றார்கள். எதிரில் ஆள் உட்கார்ந்து கேட்ட கேள்விகூட இல்லை இது. அந்தரங்கக் கேள்விகளை ஹெட்ஃபோனில் கேட்டு, லேப்டாப்பில் தாங்களே பதிலைத் தட்ட வேண்டும். வெட்கப்பட அங்கே யாரும் கிடையாது. தரவில் இப்படி முரண்பட்ட வரிகள் வந்தால் நான் வழக்கமாகப் பிழை என்று தூக்கிப் போடுகிறவன். இங்கே பிழைதான் செய்தி.

2009இல் அவர் இன்னும் கறாராகப் பார்த்தார். வாக்கு கொடுத்த 289 பேரை, மத நம்பிக்கையிலும் மனப்பாங்கிலும் வீட்டுச் சூழலிலும் அவர்களைப் போலவே இருந்த, ஆனால் வாக்கு கொடுக்காத 645 பேரோடு ஒப்பிட்டார். ஐந்து வருஷம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் உடலுறவு விஷயத்தில் வித்தியாசம் இல்லை. வாக்கு கொடுத்தவர்களிடம் கருத்தடைப் பயன்பாடு மட்டும் குறைவு. காத்திருந்தவர்கள் எப்படியும் காத்திருந்திருப்பார்கள், அட்டை இல்லாமலேயே. வாக்கு கொடுத்ததே இல்லை என்று சொன்னவர்கள் 82 சதவீதம்.

அட்டை மறந்துபோனது. கூடவே சொல்லிக் கொடுத்த பாடங்கள் மறந்தனவா என்பது வேறு விஷயம். அந்தக் காலத்து வாலிபர் கூட்டங்களில் சில உதாரணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாரும் தொட்டு இதழ் உதிர்ந்த ரோஜா. ஒட்டி ஒட்டிப் பிசின் போன டேப். மென்று துப்பிய சூயிங்கம்.

எலிசபெத் ஸ்மார்ட் பாப்டிஸ்ட் இல்லை, யூட்டாவில் மார்மன் குடும்பத்தில் வளர்ந்தவர். சூயிங்கம் உதாரணம் அங்கேயும் ஒரு டீச்சர் வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 2002இல், 14 வயதில், அவர் வீட்டிலிருந்தே கடத்தப்பட்டு ஒன்பது மாதம் சிறைவைக்கப்பட்டு வன்முறைக்கு ஆளானார். மீட்கப்பட்டு, வழக்கு முடிந்து, 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மேடை ஒன்றில் பேசினார். முதல் தடவைக்குப் பிறகு தனக்கு அந்த டீச்சர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது, நான் மென்ற சூயிங்கம், இனி யாருக்கு வேண்டும் என்று தோன்றியது, தப்பி ஓட முயலாதவர்களைத் தன்னால் புரிந்துகொள்ள முடிகிறது என்றார். கடத்தப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது அப்போது.