இல்லமும் தொழிலும் பள்ளியும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடக நாட்டை அடுத்து அமைந்துள்ள ஊர் தளி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வட்டாரம், மைசூர் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியாகும். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அவர்கள் வசமாயிற்று. நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தபோது அதனோடு இணைந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறின. ஆயினும் எல்லையின் இருபுறத்து இல்லங்களிலும் நிகழ்ந்த கைத்தொழில் வாழ்க்கை பெரிதும் ஒரே வகையினதாகவே இருந்து வந்தது.

அத்தொழில்களுள் ஒன்று பட்டுப்புழு வளர்ப்பு. திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களைத் தருவித்து மைசூர் நாட்டில் இத்தொழிலை ஊக்குவித்தார் என்பது வரலாறு. அங்கு வேரூன்றிய தொழில், பிற்காலத்தில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களிலும் பரவியது. இத்தொழிலின் தனித்தன்மை யாதெனில், அது குடும்பத்தாரோடு ஒரே கூரையின்கீழ் நடைபெற்றது என்பதே. தனிக் கொட்டகைகள் பெருகிய இந்நாளுக்கு முன்னர், வீட்டின் ஓர் அறையே புழுக்களின் இருப்பிடம். மூங்கில் தட்டுகளில் அவை ஏறத்தாழ நான்கு வாரம் வளரும்; நான்கு முறை தோலுரிக்கும்; இரவிலும் இரை கேட்கும். தாய் ஒரு கையால் தூளியை ஆட்டியவாறே மறு கையால் முசுக்கொட்டை இலையைத் தூவுவாள். முதிர்ந்த புழுக்களைப் பொறுக்கி, மூங்கிலால் சுருள்சுருளாகப் பின்னிய சந்திரிகையில் விடும் நாளிலோ, வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியர் அனைவரும் துணைக்கு வருவர்.

அச்சிறுவர் அங்குக் கற்றவை பல. கை கழுவாமல் புழுவைத் தொடலாகாது. ஈர இலை ஆகாது. புகையும் கடும் மணமும் ஆகா. ஒரு நாள் சோர்ந்தால் ஒரு மாத உழைப்பு வீணாகும். தூய்மையும் பொறுமையும் காலந்தவறாமையும் எவ்விதப் பாடநூலும் இன்றி அவர்தம் உள்ளத்தில் பதிந்தன. குயவர் வீட்டுக் குழந்தை மண்ணின் பதத்தையும், கூடை பின்னுவோர் வீட்டுக் குழந்தை மூங்கிலின் வளைவையும் அறிந்ததும் இவ்வாறே. பட்டினப்பாலை கூறும் மூன்று சக்கரச் சிறுதேரும், பிள்ளைத்தமிழில் வரும் சிற்றிலும் சிறுபறையும், பெரியோர் செயலைச் சிறியோர் விளையாட்டாகச் செய்து பழகுவது நம் நாட்டின் தொன்மையான வழக்கம் என்பதைக் காட்டுகின்றன.

எனினும், இவ்வில்லப் பள்ளிக்கு வேறொரு பக்கமும் உண்டு. குயவர் மகன் மண்ணை அறிந்தான். எழுத்தை அறியும் வாய்ப்பு அவனுக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை. கூடை பின்னுவோர் மகள் மூங்கிலை அறிந்தாள். அதனைத் தவிர வேறு வாழ்க்கை உண்டென்பதை அவளுக்கு எடுத்துரைப்பார் இலர். தொழிலைத் தந்த இல்லமே அத்தொழிலுக்குள் குழந்தையைப் பூட்டியும் வைத்தது. எந்தக் குழந்தைக்கு எந்தத் தொழில் என்பதைப் பிறப்பே முடிவு செய்தது. 1951-ஆம் ஆண்டின் கணக்குப்படி இந்திய மக்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேர் மட்டுமே என்னும்போது, அப்பூட்டின் வலிமை விளங்கும்.

கைத்தொழிலின் நன்மையைக் கொண்டு, அதன் தளையை நீக்க இயலுமா? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு இரு விடைகளை முன்வைத்தது.

முதல் விடை காந்தியடிகளுடையது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு ஏனைய பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆதாரக் கல்வி எனத் தமிழில் வழங்கிய முறை இதுவே. இங்குத் தொழில் பள்ளிக்குள் வந்தது. எக்குலத்துக் குழந்தையும் அதே இராட்டையைச் சுழற்ற வேண்டும். அதன் வாயிலாகக் கணக்கும் மொழியும் அறிவியலும் கற்க வேண்டும்.

இரண்டாம் விடையைத் தந்தவர், தளிக்கு அண்மையிலேயே பிறந்தவர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் தோன்றிய இராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக விளங்கிய 1953-இல், கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டத்தைக் கொணர்ந்தார். குழந்தைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். பள்ளி இரு முறைகளாக நடைபெறுமாதலால், இருக்கும் ஆசிரியரைக் கொண்டே கூடுதலான குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம். பதினான்கு வயது வரை அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் அளிக்க முயலவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் கூறியிருந்தது; அதற்கேற்ற பொருள்வளமோ அரசிடம் இல்லை. கைவினைஞரின் இல்லமே சிறந்த பட்டறை, சிறந்த பள்ளி என்பது இராஜாஜியின் நம்பிக்கை. இது சாதியை நிலைநிறுத்தும் திட்டமன்று என்றும் அவர் வாதிட்டார்.

நாட்டில் எழுந்த எதிர்ப்போ பெரிது. தந்தையின் தொழிலை மகன் பழகுவதென்றால், சாதியைப் பள்ளிக்கூடமே காப்பதாகாதா என வினவினர். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்தனர். நகரத்துப் பிள்ளைகள் முழுநாளும் பயில, கிராமத்துப் பிள்ளைகள் மட்டும் அரைநாள் பயில்வது நீதியாகுமா என்னும் கேள்விக்கு விடையிறுத்தல் எளிதாக இல்லை. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இத்திட்டத்தை எதிர்த்ததாகும். ஆளும் காங்கிரசுக்குள்ளும் அதிருப்தி வளர்ந்தது. அம்மாத இறுதியில், திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடவேண்டும் என்னும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், ஏழைக் குழந்தையை வீட்டுத் தொழிலிலிருந்து பள்ளிக்கு ஈர்க்கும் எதிர்த்திசையில் சென்றது.

மாணவர்கள் இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இரு விடைகளிலும் கைத்தொழிலுக்கு உயர்ந்த இடம் உண்டு. வேறுபாடு, தொழிலைக் கற்கும் இடத்தில் உள்ளது. வார்தாவில் தொழில் குழந்தையைத் தேடிப் பள்ளிக்கு வந்தது. சென்னையில் குழந்தை தொழிலைத் தேடி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. பள்ளியில் எத்தொழிலும் எவருக்கும் பொது. வீட்டிலோ, அவரவர் பிறந்த குடும்பத்தின் தொழில் எதுவோ அதுவே கிட்டும். நல்லெண்ணம் உடைய திட்டமும், அது விழும் மண்ணின் தன்மைக்கேற்பவே விளையும். பிறப்பால் தொழிலை வகுத்த ஒரு சமுதாயத்தில், வீட்டுத் தொழிலைக் கற்க என்று சொல்லும்போது, உன் நிலையிலேயே நில் என்றே அச்சொல் மக்கள் செவியில் ஒலித்தது.

இவ்வினா இன்றும் முடிந்துவிடவில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி உரிமை என்னும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் திருத்தப்பெற்ற சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது எனத் தடுத்தது. ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் துணைபுரிய இசைவளித்தது. துணை என்பது எங்கே முடிகிறது, உழைப்பு என்பது எங்கே தொடங்குகிறது? பட்டுப்புழு அறையில் தாயின் அருகில் அமர்ந்து ஒரு மணிப் பொழுது இலை தூவும் சிறுமி கற்கிறாள். அதே அறையில் இரவெல்லாம் கண்விழித்து, மறுநாள் வகுப்பில் உறங்கும் சிறுமி இழக்கிறாள். இருவருக்கும் இடையிலுள்ள கோட்டைச் சட்டம் ஓரளவே வரையும். எஞ்சியதைப் பெற்றோரும் ஆசிரியரும் சமுதாயமும் வரைதல் வேண்டும்.

ஓசூரில் 1970-களுக்குப் பின் தொழிற்பேட்டை வளர்ந்தது. மூங்கில் பின்னியோரின் பேரப்பிள்ளைகள் இயந்திரம் இயக்கச் செல்லும் வாயில்கள் திறந்தன. பிறப்பிட்ட பூட்டு தளர்வதைக் கண்டு மகிழ்வோம். அதே வேளையில், மண்ணின் பதமும் மூங்கிலின் வளைவும் அறிந்த கைகள் அருகிவருவதையும் எண்ணிப் பார்ப்போம். அக்கலைகளைக் காக்க வழி, அவற்றை ஒரு குலத்தின் தோளில் மீண்டும் ஏற்றுவதன்று. பள்ளியின் நடுவில் வைத்து, விரும்பும் குழந்தை யாவராயினும் கற்கச் செய்வதே. தொழில் குழந்தையின் உரிமையாகட்டும். குழந்தை தொழிலின் உடைமையாதல் வேண்டா.