ஒரு பின் அச்சைக் கழற்றும்போது

ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் 1908 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 1927 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஒன்றரைக் கோடி கார்கள் வெளிவந்தன. அவற்றுள் கணிசமானவை இன்றும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட கார் ஒன்றைப் புதிதாக வாங்குபவருக்கு அனுபவஸ்தர்கள் முதலில் சொல்லும் அறிவுரை விசித்திரமானது. எஞ்சின் நன்றாக ஓடுகிறதா, சாயம் பூசியிருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். பின் அச்சைக் கழற்றி உள்ளே பார்க்காமல் மலைப்பாதையில் இறங்காதீர்கள் என்பார்கள்.

காரணம் அந்தக் காரின் பிரேக்கில் இருக்கிறது. இன்றைய காரில் பிரேக் சக்கரத்தை நேரடியாகப் பிடிக்கிறது. மாடல் டியின் கால் பிரேக்கோ எஞ்சினுக்குப் பின்னாலுள்ள கியர்பெட்டிக்குள், எண்ணெயில் ஊறிய ஒரு பட்டையாக இருந்தது. அது ஓர் உருளையை இறுக்கும். உருளை நின்றால் பின்னோக்கிச் செல்லும் நீண்ட தண்டு நிற்கும். தண்டு நின்றால் பின் அச்சு வழியாகச் சக்கரங்கள் நிற்கும். அவசரத்தில் பின்னோட்ட மிதியையோ முதல் கியர் மிதியையோ அழுத்தியும் ஓட்டிகள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த விசையும் அதே தண்டின் வழியாகத்தான் போயாகவேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மூன்று மிதிகளும் வெறும் இரும்பு. எஞ்சியிருப்பது கைநெம்பு ஒன்றுதான். அது பின் சக்கரங்களிலிருந்த சிறிய பிரேக்கை இயக்கும். நிறுத்திய வண்டி உருளாமல் இருக்க அது போதும். உருளும் வண்டியை இறக்கத்தில் நிறுத்த அதை நம்ப முடியாது.

அறுந்துபோகக்கூடிய அந்தக் கண்ணி ஒரு வாஷர். அதைக் காண அச்சை வெளியே எடுத்தாகவேண்டும். எடுப்பது அவ்வளவு கடினமில்லை. வயல்நடுவே வைத்தும் செய்யக்கூடியதாகத்தான் ஃபோர்டு இந்தக் காரை அமைத்திருந்தார். காரின் பின்பகுதியைத் தூக்கிச் சட்டத்தின் அடியில் முட்டுக் கொடுக்கவேண்டும். பிரேக் கம்பிகளை விடுவிக்கவேண்டும். பின்புறம் குறுக்காக வில்போல் வளைந்து நிற்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் அச்சோடு பிணைக்கும் கொக்கிகளைக் கழற்றவேண்டும். கியர்பெட்டியின் பின்முனையில் தண்டுக்குழாயின் குமிழைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டால், அச்சு, குழாய், சாய்வுக் கம்பிகள் எல்லாம் ஒரே தொகுப்பாக, தம் சொந்தச் சக்கரங்களின் மேலேயே, ஒரு கட்டைவண்டியைப் போல உருண்டு வெளியே வந்துவிடும்.

அச்சின் உறையை இரண்டாகப் பிரித்தால் டிஃபரன்ஷியலின் இருபுறமும் அந்த வாஷர்கள் தெரியும். அவை பேபிட் உலோகத்தால் ஆனவை. 1839-இல் ஐசக் பேபிட் உருவாக்கிய, வெள்ளீயம் சார்ந்த மென்மையான கலவை அது. எண்ணெய் இருக்கும்வரை உராய்வை அமைதியாகத் தாங்கும். மலிவானது. ஆனால் பல பத்தாண்டு வெப்பத்துக்கும் அடிக்கும் பிறகு அது வெடித்துத் துண்டு துண்டாக உதிர்கிறது. வாஷர் போன இடத்தில் இடைவெளி உண்டாகிறது. நாற்பது பற்கள் கொண்ட பெரிய சக்கரம் பதினொரு பற்கள் கொண்ட சிறு சக்கரத்தை விட்டு விலகிச் செல்கிறது. எஞ்சின் ஓடும், கார் நகராது. சமவெளியில் அது சலிப்பு, இறக்கத்தில் மரணம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த முன்னறிகுறியும் புலப்படாது என்பதுதான் கொடுமை.

850 டாலருக்கு அறிமுகமான ஒரு கார், 1925 வாக்கில் அதன் எளிய வடிவத்தில் 260 டாலருக்குக் கிடைத்தது. அந்த விலையிறக்கத்தை நாம் வழக்கமாக 1913-இன் நகரும் உற்பத்தி வரிசையோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். இந்த வாஷரும் அதே கணக்கைச் சேர்ந்தது என்பது என் எண்ணம். ஃபோர்டை இதற்காகக் குற்றவாளியாக்குவது எளிது. அவருடைய பொறியாளர்கள் நூறாண்டு ஓடும் காரை வடிவமைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அதே உறையின் வெளிமுனைகளில், சக்கரத்தை ஒட்டி, வேறொரு பொருள் இருக்கிறது. தட்டையான எஃகுப் பட்டையைச் சுருளாகச் சுற்றிச் செய்த, உள்ளே வெற்றிடமான உருளைகள் கொண்ட பேரிங் அது. அதை உருவாக்கியவர் ஜான் வெஸ்லி ஹையாட். பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கு யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடப்போய் செல்லுலாய்டைக் கண்டறிந்த அதே ஹையாட்தான். நியூ ஜெர்சியில் அவர் தொடங்கிய பேரிங் நிறுவனம் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தபோது, அங்கே வேலைபார்த்த ஒரு இளம் பொறியாளரின் தந்தையும் ஒரு நண்பரும் ஐயாயிரம் டாலர் போட்டு அதைக் காப்பாற்றினார்கள். அந்த இளைஞர் ஆல்ஃபிரட் ஸ்லோன்.

ஃபோர்டு வளர வளர ஸ்லோனும் வளர்ந்தார். மாடல் டியின் ஒவ்வொரு பின் அச்சும் அவருக்கு ஒரு விற்பனை. ஆனால் ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் அச்சத்தை அவர் நன்கு அறிந்திருந்தார். ஃபோர்டு ஒருநாள் தம் பேரிங்கைத் தாமே செய்துகொள்ள முடிவெடுத்தால் தன் தொழிற்சாலை என்னவாகும் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1916-இல் நிறுவனத்தை வில்லியம் டூரண்டிடம் 1 கோடியே 35 லட்சம் டாலருக்கு விற்றார். அது வழியாக ஜெனரல் மோட்டார்ஸுக்குள் நுழைந்தார். 1923-இல் அதன் தலைவரானார். கடனில் கார், ஆண்டுதோறும் புதிய தோற்றம், ஒவ்வொரு பணப்பைக்கும் ஒரு கார் என்ற அவருடைய வழியின் முன்னால், கறுப்பு நிறத்தில் மாறாமல் நின்ற மாடல் டி தளர்ந்தது. அதற்கடுத்து 1927 டிசம்பரில் வந்த ஃபோர்டின் மாடல் ஏ-வில் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருந்தது.

அச்சைத் திரும்பப் பூட்டுவது கழற்றுவதைப் போல எளிதல்ல. பேபிட் வாஷரின் இடத்தில் இன்று வெண்கல வாஷர் போடுகிறார்கள். பற்களுக்கிடையே உரிய இடைவெளி கிடைக்கும்வரை அதன் தடிமனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கவேண்டும். அவசரப்படுபவர் மறுபடியும் உறையைப் பிரிப்பார். கூம்பாகக் குறுகும் அச்சுமுனையில் சக்கரக் குடத்தைப் பொருத்தி நட்டை முழு பலத்தோடு இறுக்கவேண்டும். அது தளர்ந்தால் குடத்தை அச்சோடு பிணைக்கும் சிறு இரும்புச் சாவி நறுக்கென்று வெட்டுப்படும். அப்போதும் பிரேக் இல்லை, ஏனெனில் டிஃபரன்ஷியல் விசையையெல்லாம் பிடிப்பற்ற அந்தப் பக்கத்துக்கே அனுப்பிவிடும். அதனால்தான் முதல் சில மைல்கள் ஓடியதும் வண்டியை நிறுத்தி அந்த இரண்டு நட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கிறார்கள். ஹையாட் பேரிங்குகள் தேய்ந்திராவிட்டால் கழுவி, உலர்த்தி, புதிய கிரீஸோடு பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள்.